கறுவாத் தண்ணீர் மருந்தாகுமா? அன்றாடப் பாவனையில் தெரிந்திருக்க வேண்டியவை

அம்மாவுக்கு நீரிழிவு வந்து ஒன்பது வருடங்கள். மாதாந்தக் கிளினிக்கைத் தவறவிடாதவர். குளிசைகளை நேரத்துக்கு எடுப்பவர் என்றுதான் நானும் நம்பியிருந்தேன். கடந்த வருடம் ஊருக்குப் போயிருந்தபோது அவரது கிளினிக் கொப்பியைத் தற்செயலாகப் புரட்டினேன். முன்னர் 128 ஆக இருந்த வெறும் வயிற்று இரத்தச் சீனி மூன்று மாதங்களில் 203 ஆக ஏறியிருந்தது.

சாப்பாட்டில் பெரிய மாற்றம் இல்லை. வருத்தம், காய்ச்சல் எதுவும் வரவில்லை. அடுத்த கிளினிக்குக்கு நானும் கூடப் போனேன். வைத்தியர் இரண்டு தடவை கேட்ட பிறகுதான் அம்மா உண்மையைச் சொன்னார். காலைக் குளிசையை நிறுத்திவிட்டு, அதற்குப் பதிலாகச் சுடுதண்ணீரில் கறுவாத்தூள் கலந்து குடித்து வந்திருக்கிறார். காலையில் ஒரு கரண்டி, இரவில் ஒரு கரண்டி. கனடாவில் இருக்கும் சித்தி, அங்குள்ள கடையில் வாங்கி அனுப்பிய பெரிய போத்தல் அது.

"இயற்கைச் சாமான்தானே பிள்ளை. குளிசையைவிட இது நல்லது எண்டு எல்லாரும் சொல்லுகினம்" என்றார்.

"எல்லாரும்" என்று அம்மா சொன்னது வட்ஸ்அப்பில் வந்த காணொளிகளை. அவற்றில் சில எனக்கும் வந்திருக்கின்றன. கறுவா நீரிழிவை மாற்றும், கொழுப்பைக் கரைக்கும், உடம்பை மெலிய வைக்கும், ஞாபக மறதியைத் தடுக்கும் என்று அவை சொல்லும். அவற்றில் எவ்வளவு உண்மை என்று தேடிப் பார்க்க அம்மாவின் கொப்பிதான் காரணமாயிற்று. அப்படித் தேடி வாசித்தவற்றையும், தென்பகுதிக் கறுவாத் தோட்டம் ஒன்றில் நேரில் பார்த்தவற்றையும் இங்கே தொகுத்துத் தருகிறேன்.

எந்தக் கறுவா?

நாம் கறுவா என்று அழைப்பதைத் தமிழகத்தில் பட்டை என்றும் இலவங்கப்பட்டை என்றும் சொல்வார்கள். ஆனால் அந்தப் பெயர்களில் உலகச் சந்தையில் விற்கப்படுவது ஒரே மரத்தின் பட்டை அல்ல.

இலங்கையைத் தாயகமாகக் கொண்ட மரத்தின் தாவரவியல் பெயர் சின்னமோமம் வீரம். சின்னமோமம் சைலானிக்கம் என்பது இதன் பழைய பெயர். 'சிலோன்' என்ற நாட்டுப் பெயர் அதிலேயே இருக்கிறது. சீனா, இந்தோனேசியா, வியட்நாம் ஆகிய நாடுகளில் வளரும் இதன் உறவு மரங்களின் பட்டையைக் கசியா என்பார்கள். வட அமெரிக்காவின் கடைகளில் 'சினமன்' என்ற பெயரில் விற்கப்படும் தூளில் பெரும்பகுதி இந்தக் கசியாதான். விலை குறைவு, காரம் கூடுதல், பெருமளவில் கிடைக்கிறது என்பதால் அது சந்தையைப் பிடித்துக்கொண்டது.

அம்மாவின் போத்தலைத் திருப்பிப் பார்த்தேன். 'வியட்நாமில் விளைந்தது' என்று பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டிருந்தது. உலகின் மிகச் சிறந்த கறுவா விளையும் நாட்டுக்கு, வியட்நாம் கசியா கனடா வழியாக வந்து சேர்ந்திருக்கிறது.

பட்டையாக வாங்கினால் இரண்டையும் பிரித்து அறிவது மிக எளிது. இலங்கைக் கறுவா இளம் பழுப்பு நிறமாக இருக்கும். கடதாசிபோல மெல்லிய பல பட்டைகள் ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருண்டு, வெட்டுமுகத்தில் பார்த்தால் சுருட்டின் உட்புறம்போலத் தெரியும். விரலால் அழுத்தினாலே நொறுங்கும். கசியா செம்பழுப்பாக, தடிப்பாக, ஒற்றைப் பட்டையாக இருக்கும். கையால் உடைப்பது கடினம். வாயில் வைத்தால் இலங்கைக் கறுவா மெல்லிய இனிப்போடு மணக்கும். கசியா நாக்கில் காரமாக உறைக்கும். தூளாக்கிவிட்டால் கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது.

ஒரு சுருளுக்குப் பின்னால்

காலி, மாத்தறை, அம்பாந்தோட்டை, களுத்துறை, இரத்தினபுரி ஆகிய மாவட்டங்களில்தான் எமது கறுவா பெருமளவில் விளைகிறது. காலி மாவட்டத்தின் கரந்தெனியப் பகுதியில் ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தேன். மரம் என்று எதிர்பார்த்துப் போனவருக்கு அங்கே தெரிவது ஆளுயரத்துக்குச் சற்று மேலான புதர்கள். வெட்டாமல் விட்டால் கறுவா உயர்ந்த மரமாகும். ஆனால் பட்டைக்காக அடியோடு வெட்ட வெட்ட, அடிக்கட்டையிலிருந்து நேரான தடிகள் பலவாக முளைக்கும். அந்தத் தடிகள்தான் அறுவடை.

மழைக்குப் பின்னர் துளிர்க்கும் சிவப்புக் கொழுந்துகள் பச்சையாக மாறிய பிறகே வெட்டுகிறார்கள். அப்போதுதான் பட்டை தடியிலிருந்து இலகுவாகக் கழரும். முதலில் மேல்தோலைச் சுரண்டி எடுக்கிறார்கள். பின்னர் பித்தளைக் கம்பியால் தடி முழுவதையும் அழுத்தித் தேய்க்கிறார்கள். அதன் பிறகு சிறிய கத்தியால் இரண்டு பக்கமும் நீளமாகக் கீறி உள்பட்டையைக் கிழியாமல் உரித்தெடுக்கிறார்கள். பெரிய பட்டைக்குள் சிறிய துண்டுகளை நிரப்பி, 42 அங்குல நீளக் குழலாகச் சேர்த்து, நிழலில் உலர விடுகிறார்கள். உலர உலர அது தானாகவே இறுகிச் சுருளும்.

ஒரு தடியை உரித்து முடிக்கச் சில நிமிடங்களே ஆகின்றன. ஆனால் அந்தக் கை வேகம் வருவதற்கு வருடங்கள் வேண்டும் என்று அங்கே உரித்துக்கொண்டிருந்த முதியவர் சொன்னார். அவருடைய பிள்ளைகள் எவரும் இந்தத் தொழிலுக்கு வரவில்லை. உரிப்பதற்கு ஆள் கிடைக்காமல் வெட்டும் பருவத்தைத் தவறவிடும் தோட்டங்களும் இருக்கின்றன.

சுருளின் தடிப்பைப் பொறுத்துத் தரம் பிரிக்கப்படுகிறது. 6 மில்லிமீற்றருக்கு உட்பட்ட மிக மெல்லிய சுருளுக்கு 'அல்பா' என்று பெயர். அதுவே விலை கூடியது. அதற்குப் பின்னர் சி5, சி4, எம்5, எச்1 என்று வரிசை செல்லும். உள்ளூர்க் கடைகளில் நாம் வாங்குவது பெரும்பாலும் தடித்த தரங்களையும் உடைந்த துண்டுகளையும்தான். சமையலுக்கு அவை தாராளமாகப் போதும்.

இந்தப் பட்டைக்காகத்தான் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் இந்தத் தீவின் கரையோரத்துக்காகச் சண்டையிட்டார்கள். காட்டிலிருந்து சேகரிக்கப்பட்ட கறுவாவை 18ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் தோட்டப் பயிராக்கினார்கள். கொழும்பு 7க்குக் கறுவாத்தோட்டம் என்ற பெயர் அந்தக் காலத்தின் மிச்சம். 2022 பெப்ரவரியில் 'சிலோன் சினமன்' என்ற பெயருக்கு ஐரோப்பிய ஒன்றியம் புவியியல் குறியீட்டுப் பாதுகாப்பு வழங்கியது. இலங்கைப் பொருள் ஒன்றுக்கு அங்கே அத்தகைய அங்கீகாரம் கிடைத்தது அதுவே முதல் தடவை.

நீரிழிவைக் கட்டுப்படுத்துமா?

இந்த நம்பிக்கை வெறும் கட்டுக்கதையிலிருந்து வந்ததல்ல. 2003ஆம் ஆண்டு பாகிஸ்தானில் 60 நீரிழிவு நோயாளர்களிடம் நடத்தப்பட்ட ஓர் ஆய்வு வெளியானது. நாளொன்றுக்கு 1, 3, 6 கிராம் என மூன்று அளவுகளில் கறுவா கொடுத்தபோது, 40 நாட்களில் வெறும் வயிற்றுச் சீனி 18 முதல் 29 சதவீதம் வரை குறைந்ததாக அது தெரிவித்தது. உலகெங்கும் செய்தியானது அந்த ஆய்வுதான். அதில் பயன்படுத்தப்பட்டது கசியா என்பது செய்திகளில் அவ்வளவாக வரவில்லை.

அதன் பின்னர் வேறு நாடுகளிலும் ஆய்வுகள் நடந்தன. முடிவுகள் ஒன்றுபோல இருக்கவில்லை. 2006இல் நெதர்லாந்தில் மாதவிடாய் நின்ற 25 பெண்களிடம் ஆறு வாரங்கள் நடத்தப்பட்ட ஆய்வில் எந்தப் பலனும் தெரியவில்லை. 2012இல் கொக்ரேன் அமைப்பு 577 பேரை உள்ளடக்கிய 10 ஆய்வுகளை ஒன்றாக எடுத்து ஆராய்ந்தது. நீரிழிவுக்குக் கறுவாவைப் பரிந்துரைக்கப் போதிய ஆதாரம் இல்லை என்பது அதன் முடிவு. 2013இல் 543 நோயாளர்களை உள்ளடக்கிய 10 ஆய்வுகளின் இன்னொரு தொகுப்பு வெளியானது. வெறும் வயிற்றுச் சீனி சராசரியாக 24 மில்லிகிராம் அளவில் குறைந்ததாக அது கண்டது. ஆனால் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை.

நீரிழிவின் பாதிப்புகளான கண், சிறுநீரகம், கால் நரம்பு ஆகியவற்றின் நிலை அந்த நீண்டகாலச் சராசரியோடுதான் தொடர்புபட்டது. ஒரு நாள் காலையில் குளுக்கோமீற்றர் காட்டும் இலக்கம் இறங்குவது மட்டும் போதாது.

இந்த ஆய்வுகளை வாசிக்கும்போது கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. அவற்றில் பெரும்பாலானவற்றில் பங்குபற்றிய நோயாளர்கள் தங்கள் குளிசைகளைத் தொடர்ந்து எடுத்துக்கொண்டேதான் கறுவாவையும் எடுத்தார்கள். குளிசையை நிறுத்திவிட்டுக் கறுவாவை மட்டும் எடுத்தால் என்ன நடக்கும் என்பதை அவை சோதிக்கவில்லை. அம்மாவின் கொப்பியில் இருந்த 203 அதற்கான பதில்.

இலங்கைக் கறுவாவைப் பற்றிய ஆய்வுகள் கசியாவைப் பற்றியவற்றைவிடக் குறைவு. கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ ஆய்வாளர்கள் இத்துறையில் தொடர்ந்து வேலை செய்து வருகிறார்கள். ஆரோக்கியமான 30 பேருக்கு மூன்று மாதங்கள் இலங்கைக் கறுவாச் சாறு கொடுத்து அவர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வில் பாரதூரமான பக்கவிளைவுகள் எதுவும் தென்படவில்லை. நல்ல செய்திதான். ஆனால் பாதுகாப்பானது என்று தெரிவதும், நோயைக் குணமாக்கும் என்று நிரூபிப்பதும் வெவ்வேறு படிகள்.

மற்ற நம்பிக்கைகளுக்கும் இதே நிலைதான். கறுவாவின் மணத்துக்குக் காரணமான சினமல்டிஹைட் என்ற பொருள், ஆய்வுகூடத் தட்டில் பல கிருமிகளின் வளர்ச்சியைத் தடுக்கிறது. தேநீரில் கலந்து குடிக்கும் சிறிதளவு, உடம்புக்குள் போய் அதே வேலையைச் செய்யும் என்று சொல்ல முடியாது. தேனும் கறுவாவும் கலந்து குடித்தால் எடை குறையும் என்பதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை. தேனும் சீனிதான் என்பதை நீரிழிவு உள்ளவர்கள் மறக்கக்கூடாது.

கூமரின் என்ற கணக்கு

கசியாவுக்கும் இலங்கைக் கறுவாவுக்கும் இடையே சுவையைவிட முக்கியமான வேறுபாடு கூமரின். இது இயற்கையாகவே சில தாவரங்களில் உள்ள ஒரு வாசனைப் பொருள். அளவுக்கு மீறித் தொடர்ந்து உட்கொண்டால், எல்லோருக்கும் இல்லாவிட்டாலும் சிலருக்கு, ஈரலைப் பாதிக்கக்கூடியது. நிறுத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும். கசியாவில் இது கணிசமாக இருக்கிறது. இலங்கைக் கறுவாவில் இருப்பது மிகச் சொற்பம்.

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை நிர்ணயித்துள்ள நாளாந்த எல்லை, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.1 மில்லிகிராம். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு 6 மில்லிகிராம் ஆகும். கசியா ஒரு கிலோவில் சராசரியாக 3,000 மில்லிகிராம் கூமரின் இருக்கிறது என்ற கணக்கின்படி, 60 கிலோ எடையுள்ளவர் நாளொன்றுக்கு 2 கிராம் கசியாவோடு அந்த எல்லையைத் தொட்டுவிடுவார் என்று ஜேர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் சொல்கிறது. 15 கிலோ எடையுள்ள குழந்தைக்கு அரைக் கிராமே எல்லை. மட்டமாக அள்ளிய ஒரு தேக்கரண்டித் தூள் ஏறத்தாழ 2.5 கிராம் இருக்கும்.

அம்மாவின் எடை 52 கிலோ. அவருக்கு எல்லை 5.2 மில்லிகிராம். நாளுக்கு இரண்டு கரண்டி, அதாவது 5 கிராம் கசியாவில் 15 மில்லிகிராம். எல்லையைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு. ஓரிரு வாரங்கள் இந்த அளவு உள்ளே போனாலும் பயப்படத் தேவையில்லை என்று அதே ஐரோப்பிய அதிகாரசபை சொல்லியிருக்கிறது. அம்மா குடித்தது மூன்று மாதங்கள். வைத்தியர் ஈரல் பரிசோதனை ஒன்றும் எழுதித் தந்தார். முடிவு வரும்வரை இரண்டு நாட்கள் வீட்டில் யாருக்கும் சரியான நித்திரை இல்லை. நல்லவேளையாக எல்லாம் சரியாகவே இருந்தது.

ஐரோப்பிய ஒன்றியம் கேக், பணிஸ் போன்றவற்றில்கூட இதற்கு எல்லை வைத்திருக்கிறது. சாதாரண இனிப்பு வெதுப்பக உணவுகளில் ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம், பண்டிகைக்காலப் பாரம்பரிய வகைகளில் 50 மில்லிகிராம். 2013இல் டென்மார்க்கின் வெதுப்பகக்காரர்கள் தங்கள் கறுவாப் பணிஸுக்கு ஆபத்து வந்துவிட்டது என்று கொதித்தெழுந்தது இந்த 15 மில்லிகிராமுக்காகத்தான்.

புலம்பெயர்ந்த உறவுகள் இதைக் கவனிக்க வேண்டும். அங்கே கடையில் வாங்கும்போது 'சிலோன்' என்ற சொல் அல்லது விளைந்த நாட்டின் பெயர் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வெறுமனே 'சினமன்' என்று இருந்தால் அது கசியாவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். எப்போதாவது சமையலில் சேர்ப்பதற்கு அதுவும் பரவாயில்லை. நாளாந்தம் கரண்டிக் கணக்கில் குடிப்பதற்கு அது உகந்ததல்ல.

தூளா, பட்டையா?

2023இன் இறுதியில் அமெரிக்காவில், கறுவா கலந்த அப்பிள் கூழ் சாப்பிட்ட சிறு குழந்தைகளின் இரத்தத்தில் ஈயம் கண்டுபிடிக்கப்பட்டது. நூற்றுக்கணக்கான பாதிப்புகள் பதிவாகின. ஈயம் வந்தது கூழில் சேர்த்த கறுவாத்தூளிலிருந்து. அந்தத் தூள் எக்குவடோரில் அரைக்கப்பட்டது. அதற்கான பட்டை இலங்கையிலிருந்து சென்றது என்றும், அரைக்காத பட்டையைச் சோதித்தபோது அதில் ஈயம் இருக்கவில்லை என்றும் எக்குவடோர் அதிகாரிகள் தெரிவித்ததாக 2024 பெப்ரவரியில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அறிவித்தது. அதே ஆண்டில் அமெரிக்கச் சந்தையில் இருந்த வேறு சில கறுவாத்தூள் வகைகளிலும் ஈயம் இருப்பதாக அந்த நிர்வாகம் எச்சரிக்கை விடுத்தது.

தூளில் எதைக் கலந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. முழுப்பட்டையில் கலப்படம் செய்வது கடினம். ஆகவே முடிந்தவரை பட்டையாக வாங்கி, தேவைக்கேற்ப வீட்டிலேயே அரைத்துக்கொள்வது நல்லது. குழந்தைகள் உள்ள வீடுகளில் இது இன்னும் முக்கியம்.

யார் அவதானமாக இருக்க வேண்டும்?

கறியில் போடும் அளவு கறுவா எவருக்கும் பெரிய பிரச்சினை தருவதில்லை. கரண்டிக் கணக்கிலோ கப்சியூலாகவோ எடுக்க நினைப்பவர்கள் முதலில் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். குறிப்பாகப் பின்வருவோர்:

நீரிழிவுக்கு இன்சுலின், கிளிக்ளசைட், கிளிபென்கிளமைட் போன்றவற்றை எடுப்பவர்கள். கறுவாவும் சேர்ந்து சீனியைக் குறைத்தால் அளவு மிதமிஞ்சி இறங்கி மயக்கம் வரலாம்.

இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவர்கள். உணவிலும் மூலிகையிலும் ஏற்படும் மாற்றங்கள் இந்த மருந்தின் செயற்பாட்டைப் பாதிக்கக்கூடியவை.

ஈரல் நோய் உள்ளவர்கள். இவர்கள் கசியாவைத் தவிர்ப்பதே நல்லது.

கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும். சமையல் அளவுக்கு மேல் எடுப்பது பாதுகாப்பானது என்பதற்குப் போதிய ஆய்வுகள் இல்லை.

கறுவா எண்ணெய் தனியாகச் சொல்ல வேண்டிய விடயம். பட்டையிலிருந்து எடுக்கப்படும் எண்ணெயில் சினமல்டிஹைட் அதிகம். இலையிலிருந்து எடுக்கப்படும் எண்ணெயில் கராம்பில் உள்ள யூஜினோல் அதிகம். இரண்டும் மிகச் செறிவானவை. அப்படியே குடிக்கவோ தோலில் பூசவோ கூடாது, எரிந்து புண்ணாகிவிடும். உலர்ந்த தூளைக் கரண்டியோடு வாயில் போடுவதும் ஆபத்து. 2012 அளவில் இணையத்தில் பரவிய அப்படியொரு போட்டியில் தூள் நுரையீரலுக்குள் போய் வைத்தியசாலைக்குச் சென்ற இளைஞர்கள் பலர்.

அன்றாடம் பயன்படுத்தும் வழிகள்

கறுவாவின் உண்மையான பயன் எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்டால், அது சீனியைக் குறைக்க உதவுவதில் என்பேன். இலங்கைக் கறுவாவின் இனிய மணம் இருந்தால், சீனி குறைந்தாலும் நாக்கு அவ்வளவாக ஏமாறுவதில்லை.

எங்கள் வீட்டில் அப்பா நாளுக்கு மூன்று தடவை பிளேன்ரீ குடிப்பார். ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சீனி. ஒரு தேக்கரண்டி 4 கிராம் என்று வைத்தால் மொத்தம் 24 கிராம். நாளொன்றுக்குச் சேர்க்கப்படும் சீனி 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனை. தேநீரிலேயே அது முடிந்துவிடுகிறது. கறுவாப் பிளேன்ரீக்கு மாறிய பிறகு, ஒரு மாதத்தில் அப்பா கோப்பைக்கு அரைக் கரண்டிக்கு வந்துவிட்டார். சீனி இருபத்துநான்கிலிருந்து ஆறு கிராமாகிவிட்டது. கறுவாவால் கிடைத்த பலன் என்று எங்கள் வீட்டில் உறுதியாகச் சொல்லக்கூடியது இதுதான்.

கறுவாப் பிளேன்ரீ: இரண்டு கோப்பைத் தண்ணீருக்கு விரல் நீளத் துண்டு ஒன்று. உடைத்துப் போட்டு, மூடி, குறைந்த நெருப்பில் பத்து நிமிடம் கொதிக்க விடுங்கள். அடுப்பை நிறுத்திய பிறகு தேயிலை போட்டு மூன்று நிமிடத்தில் வடியுங்கள். அதே துண்டை அன்றைக்கே இன்னொரு தடவை கொதிக்க வைக்கலாம். தூளைப் போட்டால் தண்ணீரில் கரையாமல் வழுவழுப்பாகிவிடும்.

பருப்புக்கறி: பருப்பு அவியும்போதே ஒரு சிறு துண்டு கறுவாவும் ரம்பைத் துண்டும் போடுங்கள். தேங்காய்ப்பால் விட்டு இறக்கும்போது மணம் முழுவதுமாக இறங்கியிருக்கும்.

இறைச்சிக்கறி: கறுவா, ஏலம், கராம்பு மூன்றையும் எண்ணெயில் முதலில் வதக்குவது ஒரு முறை. இலேசாக வறுத்து அரைத்த தூளைக் கறி இறக்கும்போது தூவுவது இன்னொரு முறை. இரண்டாவதில் மணம் கூடுதலாக நிற்கும். அளவு பாதி போதும்.

சீனிச்சம்பல்: வெங்காயம் பொன்னிறமாக வதங்கும்போது கறுவாத் துண்டை அதனுடன் சேர்த்தால், கடைசியில் போடும் சீனியைப் பாதியாகக் குறைத்தாலும் சம்பலின் குணம் மாறாது.

கஞ்சியும் பழமும்: குரக்கன் கஞ்சி, ஓட்ஸ், சீனி சேர்க்காத யோகட், பப்பாசி, வாழைப்பழம் ஆகியவற்றின் மேல் ஒரு சிட்டிகை தூள் தூவலாம். பிள்ளைகளுக்குச் சீனி போடாமல் கொடுக்க இது நல்ல வழி.

சோறு: நெய்ச்சோறு, மஞ்சள் சோறு சமைக்கும்போது அரிசியோடு ஒரு துண்டு. பரிமாறும் முன் எடுத்துவிடுங்கள்.

இவை எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்தாலும் ஒருவருக்குப் போய்ச் சேரும் கறுவா அரைத் தேக்கரண்டியைத் தாண்டாது. அன்றாடப் பாவனைக்கு அந்த அளவு போதும்.

வாங்குவதும் வைத்திருப்பதும்

வாங்கும்போது ஒரு சுருளை உடைத்துப் பாருங்கள். சட்டென்று உடைந்து மணம் எழுந்தால் புதியது. வளைந்தால் ஈரம் இருக்கிறது, பூஞ்சணம் பிடிக்கும். காற்றுப் புகாத கண்ணாடிப் போத்தலில், அடுப்புக்கும் வெயிலுக்கும் எட்ட வையுங்கள். சுருளாக இரண்டு வருடங்கள்வரை மணம் நிற்கும். தூளாக்கினால் ஆறு மாதத்தில் மணம் போகத் தொடங்கும். ஆகவே ஒரு மாதத்துக்குப் போதுமான அளவை மட்டும் அரைத்துக்கொள்ளுங்கள். அரைப்பதற்கு முன் வெறும் சட்டியில் ஒரு நிமிடம் சூடாக்கினால் நன்றாகப் பொடியாகும்.

வட்ஸ்அப் காணொளியை நம்பியதற்காக அம்மாவைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒன்பது வருடங்கள் தினமும் குளிசை போட்டுக் களைத்த ஒருவருக்கு, சமையலறையில் இருக்கும் ஒரு பொருள் போதும் என்று யாராவது சொன்னால் அதைக் கேட்க ஆசையாகத்தான் இருக்கும். உங்கள் வீட்டிலும் யாராவது கறுவாத் தண்ணீர் குடிக்கிறார்கள் என்றால், தடுக்க வேண்டாம். குளிசையைத் தொடர்ந்து போடுகிறார்களா என்று மட்டும் கோபப்படாமல் கேட்டுப் பாருங்கள். குடிப்பதைக் கிளினிக்கில் வைத்தியரிடம் சொல்லச் சொல்லுங்கள்.

அம்மா காலைக் குளிசையை மறுபடியும் ஆரம்பித்து ஐந்து மாதங்கள் ஆகின்றன. கடைசிக் கிளினிக்கில் வெறும் வயிற்றுச் சீனி 134. சித்தி அனுப்பிய போத்தலில் மீதி இருந்ததை வாழைமரத்தடியில் கொட்டிவிட்டார். இப்போது சந்தையில் வாங்கிய கறுவாச் சுருள்கள் அலுமாரியில் இருக்கின்றன. காலையில் குளிசையைப் போட்டுவிட்டு, சாப்பிட்ட பிறகு, சீனி இல்லாத கறுவாப் பிளேன்ரீ குடிக்கிறார்.